மலிவு போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆனபோது

2015 நவம்பரில் ராஸ்பெர்ரி பை ஜீரோ 5 டாலருக்கு வந்ததிலிருந்தே லினக்ஸ் ஓடும் சின்ன கம்ப்யூட்டர் போர்டுகள் மேல் எனக்கு ஆசை. போன வருஷம் 512 எம்பி ராம் உள்ள வேறொரு மலிவு போர்டை வாங்கி, வீட்டில் விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல் என்ற மென்பொருளைப் போட்டேன்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகும். போர்டுதான் மட்டம் என்று தூக்கிப்போட இருந்தேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், வேலை ஏறும்போது 5 வோல்ட் 4.6க்கு இறங்குகிறது. காரணம் பழைய போன் சார்ஜரும் நீளமான மெல்லிய கேபிளும்தான். தடிமனான குட்டைக் கேபிளும் 2.5 ஆம்பியர் அடாப்டரும் போட்டதும் சரியாகிவிட்டது. அதற்குள் எஸ்டி கார்டு கெட்டுப்போயிருந்தது. புதுக் கார்டில் ஓயாமல் எழுதாமல் இருக்க, லாக் பைல்களை (நடப்பதைக் குறித்துவைக்கும் பைல்கள்) ராமுக்கு மாற்றினேன்.

அப்புறம் கணக்குப் போட்டேன். கார்டு, அடாப்டர், கேபிள் மூன்றும் சேர்ந்து போர்டு விலையைத் தாண்டிவிட்டன! அதைவிட முக்கியம் மென்பொருள். போர்டோடு கிடைத்த இமேஜில் (கார்டில் ஏற்றும் சிஸ்டம் பைல்) கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, பழையது, அப்டேட்டே இல்லை. நல்லவேளை, அந்தச் சிப்புக்கு மெயின்லைன் கெர்னலில் (லினக்ஸின் அதிகாரபூர்வப் பதிப்பு) ஆதரவு இருந்ததால், இந்த மாதிரிப் போர்டுகளுக்கான லினக்ஸான ஆர்ம்பியனைப் போட முடிந்தது. இப்போது எந்தப் போர்டு வாங்கினாலும் முதலில் அந்த ஆதரவு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன், விலையை அப்புறம். அந்தப் போர்டு ஏழு மாதமாக நிற்காமல் ஓடுகிறது.