எடை குறைக்கும் ஊசிமருந்து: சிங்கப்பூரில் பொது மருத்துவமனை வழியாகப் பெறுவது எப்படி?

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்வது என்று என் அக்கா முடிவு செய்ததும், முதல் வேலையாக ஒரு பொது மருத்துவமனையின் முன்பதிவு எண்ணை நேரடியாக அழைத்தார். ஒரே வாரத்தில் நேரம் கிடைத்துவிட்டதே என்று மகிழ்ச்சியோடு போனவர், கட்டணச் சீட்டைக் கையில் வாங்கியபோதுதான் தாம் மானியம் இல்லாத தனியார் நோயாளியாகப் பதிவாகியிருப்பதை அறிந்தார். மருத்துவமனை அரசாங்கத்துடையது என்றால் கட்டணத்திலும் மானியம் தானாகவே கழிந்திருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். தொலைபேசியில் பேசிய எவரும் அதை அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. பிறகு நாங்கள் முதலிலிருந்து முறையாகத் தொடங்கினோம். எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதுதான் பெரும்பாலும் செலவைத் தீர்மானிக்கிறது என்பதை அப்போது கண்டோம். புதிதாக இதில் இறங்குபவர்கள் அதே தவற்றைச் செய்யக்கூடாது என்பதற்காக, படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டிலேயே உங்கள் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் பருமன் குறியீடு, அதாவது பிஎம்ஐ. 1.60 மீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 28.1. ஆசிய உடல்வாகு கொண்டவர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வந்துவிடுவதால், சிங்கப்பூரில் 23 முதல் 27.4 வரை மிதமான அபாயம் என்றும், 27.5-உம் அதற்கு மேலும் உயர் அபாயம் என்றும் கணக்கிடுகிறார்கள். ஊசிமருந்துகளின் அங்கீகாரக் குறிப்புகளோ பொதுவாக 30-உம் அதற்கு மேலும், அல்லது எடையோடு தொடர்புடைய ஒரு நோயாவது இருந்தால் 27-உம் அதற்கு மேலும் என்று வரையறுக்கின்றன. திருமண விருந்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்பதற்காக எழுதித் தரப்படும் மருந்து இது அன்று.

இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் கவனிக்க வேண்டிய அளவுகள். இவற்றோடு, நீங்கள் இப்போது சாப்பிடும் மருந்துகளையும், இதுவரை எடை குறைக்க என்னென்ன முயன்றீர்கள், எவ்வளவு குறைந்தது, எப்போது திரும்ப ஏறியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அக்கா எழுதிய அரைப்பக்கத் தாளை மருத்துவர் வாங்கி முழுவதும் படித்துவிட்டு, அதிலிருந்தே கேள்விகளைத் தொடங்கினார்.

இரண்டாம் படி: அரசாங்கப் பலதுறை மருந்தகத்திற்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள்

இதுதான் சரியான வாசல். பலதுறை மருந்தகத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளத்தின் மூலம் ஹெல்த்ஹப் செயலியில் முன்பதிவு செய்துகொள்ளலாம். 40 வயதோ அதற்கு மேலோ ஆகி, ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் ஒரு மருந்தகத்தில் பதிந்திருந்தால், உங்கள் பழைய விவரங்கள் அங்கேயே இருக்கும் என்பதால் அங்கு செல்வதே நல்லது. சாஸ் என்ற மருந்தக மானியத் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்திற்குப் போகிறவர்கள் சாஸ் அட்டையை, அல்லது முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டையை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

உள்ளே போனதும் "எனக்கு ஊசி எழுதிக் கொடுங்கள்" என்று தொடங்காதீர்கள். மருத்துவர் ஒரு பொருளைத் தரப்போவதில்லை, ஒரு நோயைப் பார்க்கப்போகிறார். மூட்டு வலி, இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, பகலில் தூக்கம் சொக்குவது, மாதவிடாய் தவறுவது, கல்லீரலில் கொழுப்பு இருப்பதாக முன்பு யாராவது சொன்னது என எல்லாவற்றையும் சொல்லுங்கள். நம்மில் பலர் குறட்டையைப் பற்றி மருத்துவரிடம் பேசக் கூச்சப்படுகிறோம். ஆனால் உங்களை நிபுணரிடம் அனுப்ப வேண்டுமா என்ற முடிவில் அத்தகைய தகவலுக்குத்தான் மதிப்பு அதிகம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும் இங்கேயே நடக்கலாம்.

மூன்றாம் படி: பரிந்துரைக் கடிதம்

மருத்துவர் ஒப்புக்கொண்டால், பொது மருத்துவமனையின் நிபுணத்துவ வெளிநோயாளி மருந்தகத்திற்குக் கடிதம் தருவார். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, சாங்கி, கூ டெக் புவாட், டான் டோக் செங் போன்றவற்றில் எடைக் கட்டுப்பாட்டுக்கென்றே மருத்துவர், உணவியல் வல்லுநர், உடற்பயிற்சி வல்லுநர் அடங்கிய குழுக்கள் இயங்குகின்றன. "இது மானியத்துடன் கூடிய பரிந்துரைதானே?" என்று அங்கேயே ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குறிப்பிட்ட நிபுணரைத்தான் பார்ப்பேன் என்று பெயர் சொல்லிக் கேட்டால் மானியம் போய்விடும். தனியார் நோயாளியாக ஒரு முறை நுழைந்தவர் பிறகு மானியப் பிரிவுக்கு மாறுவதற்கு மருத்துவச் சமூக ஊழியரின் மதிப்பீடு தேவைப்படும்; அதற்கு நாளும் ஆகும், உறுதியும் இல்லை.

மானியத்தின் அளவு, ஒரே முகவரியில் வாழும் குடும்பத்தினரின் தலா வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் இல்லாத வீடுகளுக்கு வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது அதற்கு மதிப்பிடப்படும் ஓராண்டு வாடகையைப் பார்ப்பார்கள். நிரந்தரவாசிகளுக்குச் சிங்கப்பூரரைவிடக் குறைவாகவே கிடைக்கும். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இந்த மானியம் கிடையாது. ஆகவே தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள், முதலாளியின் காப்பீடு எதை ஏற்கும், எதை விலக்கும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே இதில் இறங்க வேண்டும். எடை சிகிச்சையைப் பல காப்பீடுகள் விலக்கி வைத்திருக்கின்றன.

நான்காம் படி: நிபுணரைச் சந்திக்கும் நாள்

சில வாரங்கள் காத்திருந்த பிறகே நேரம் வரும். இந்த இடைவெளியில் இணையத்தில் விற்கும் ஊசியையோ, வாட்ஸ்அப் குழுக்களில் "நண்பர் தருகிறார்" என்று கைமாறும் ஊசிப் பேனாவையோ வாங்கிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இவை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகள். உள்ளே இருப்பது என்ன மருந்து, எவ்வளவு அளவு என்பது போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

மருத்துவர் கட்டாயம் அறிய வேண்டியவை: குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சியோ பித்தப்பைக் கல்லோ வந்திருக்கிறதா, இன்சுலின் போட்டுக்கொள்கிறீர்களா, கர்ப்பம் தரிக்கும் எண்ணம் உள்ளதா என்பவை. செமாகுளுடைட் என்ற எடை குறைக்கும் ஊசிமருந்தை, கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் என்ற மற்றோர் ஊசிமருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும்.

இந்த மருந்துகள், சாப்பிட்டவுடன் நம் குடலே சுரக்கும் இயக்குநீர்களைப் போலச் செயல்படுகின்றன: பசியை அடக்குகின்றன, இரைப்பையை மெதுவாகக் காலியாக்குகின்றன. லிராகுளுடைட் தினமும் போட வேண்டியது. செமாகுளுடைட்டும் டிர்செபடைட்டும் வாரம் ஒரு முறை. 2021-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் செமாகுளுடைட் போட்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாகச் சுமார் 15 விழுக்காடு எடை குறைந்தார்கள். அதே ஆய்வில் பங்கேற்றவர்களைப் பின்தொடர்ந்தபோது, மருந்தை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. எனவே "எத்தனை மாதம் போட வேண்டும், அத்தனை மாதமும் என்னால் செலவழிக்க முடியுமா" என்ற கேள்வியை முதல் நாளிலேயே மருத்துவர் முன் வைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பணக் கணக்கு

மருத்துவர் கட்டணத்துக்குக் கிடைக்கும் மானியமும் மருந்துக்குக் கிடைக்கும் மானியமும் வேறு வேறு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மருந்துக்கு மானியம் கிடைக்க அது அரசாங்கத்தின் மானிய மருந்துப் பட்டியலில் இருக்க வேண்டும். அதோடு, எந்த நோய்க்காகப் பட்டியலிட்டார்களோ அந்த நோய் உங்களுக்கும் இருக்க வேண்டும். ஒரே மருந்து நீரிழிவுக்காக எழுதப்படும்போது ஒரு விலையாகவும், எடைக்காக எழுதப்படும்போது வேறு விலையாகவும் ஆகலாம். மானியம் இல்லையென்றால் மாதத்திற்குப் பல நூறு வெள்ளி செலவாகும்.

மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ் கணக்கு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு போன்ற நாட்பட்ட நோய்களின் சிகிச்சைக்கு உதவும். அதையே ஊசிக்கும் பயன்படுத்தலாம் என்று நீங்களாக முடிவு கட்டாமல், மருந்துச் சீட்டை வாங்கும் முன் இந்த மூன்றையும் முகப்பில் கேளுங்கள்: என் நிலைக்கு இதில் மானியம் உண்டா? மெடிசேவில் எவ்வளவு கழியும்? ஆரம்ப அளவுக்கும் முழு அளவுக்கும் மாதச் செலவு எவ்வளவு? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அளவு ஏற ஏற விலையும் ஏறக்கூடும். கையில் பணம் போதாதவர்கள் அன்றே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

செலவு தாங்காது என்று தெரிந்தால் அதை மறைக்காதீர்கள். குறைந்த விலையில் மாத்திரைகள் உள்ளன. பிஎம்ஐ மிக அதிகமாக உள்ளவர்களுக்கு இரைப்பை அறுவை சிகிச்சையும் உண்டு. மருத்துவக் காரணம் இருந்தால் அதற்கு மெடிசேவும் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்பீடும் கைகொடுக்கும்.

ஆறாம் படி: முதல் ஊசி

தாதி அருகில் இருந்து கற்றுக்கொடுப்பார். ஒரு முறை பார்த்தது போதாது. அவர் முன்னிலையில் நீங்களே போட்டுப் பாருங்கள். அக்காவுக்கு வயிற்றில், தொப்புளிலிருந்து சற்றுத் தள்ளிப் போடச் சொன்னார்கள். மிக மெல்லிய ஊசி அது. புதிய ஊசியைப் பேனாவில் திருகி, அளவைத் திருப்பி, குத்தி, பொத்தானை அழுத்தியதும் சிறு சன்னலில் எண் இறங்கிச் சுழியத்தில் நின்றது. அவர் உடனே உருவப் போனார். தாதி அவர் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, "இன்னும் எடுக்காதீங்க அக்கா, ஆறு வரைக்கும் மெதுவா எண்ணுங்க," என்றார். எண்ணாமல் எடுத்தால் மருந்தின் ஒரு துளி தோலுக்கு வெளியே வழிந்து வீணாகிவிடும்.

செமாகுளுடைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை படிப்படியாக 2.4 வரை ஏறும். அளவை அவசரமாக ஏற்றினால் குமட்டலும் வாந்தியும் மலச்சிக்கலும் படுத்தும். சோற்றைப் பாதியாகக் குறைத்து, பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை முதலில் சாப்பிடச் சொன்னார் உணவியல் வல்லுநர். எடையோடு தசையும் கரையாமல் இருக்க அது தேவை. பொரித்த பரோட்டாவும் எண்ணெய் மிதக்கும் குழம்பும் இந்த மருந்தோடு ஒத்துப்போவதில்லை. முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலியோ நிற்காத வாந்தியோ வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

ஏழாம் படி: தொடர் சந்திப்புகள்

கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள். மாற்ற வேண்டுமானால் ஹெல்த்ஹப்பிலேயே மாற்றலாம். ஒரு வாரம் ஊசி விட்டுப்போனால் மறுவாரம் இரட்டிப்பாகப் போடாமல் மருந்தாளரை அழைத்துக் கேளுங்கள். பல் மருத்துவர், கண் மருத்துவர் என யாரைப் பார்த்தாலும் இந்த ஊசி போடுவதைச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கு முன்பும் இதைச் சொல்வது மிக முக்கியம், ஏனெனில் இரைப்பையில் உணவு வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கியிருக்கும்.

பேனாவை 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில், குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபனி அறையில் வைத்து ஒரு முறை உறைந்த மருந்தை உருகிய பிறகும் பயன்படுத்தக்கூடாது. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பழைய சோப்புக் குப்பியில் மூடி வைத்துப் போடுங்கள், குப்பை எடுப்பவரின் கை குத்துப்படாமல் இருக்கும். விடுமுறைக்குச் சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள், மருத்துவரின் கடிதத்தோடு பேனாவைக் குளிர்ப்பையில் வைத்துக் கைப்பையிலேயே கொண்டுசெல்லுங்கள். பயணப் பெட்டியில் போட்டு அனுப்பினால் விமானத்தின் அடியில் மருந்து உறைந்துபோகலாம்.