ஏடிஎஃப் மாற்றியும் கியர்பாக்ஸ் சத்தம் போகவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் சத்தம் என்றதும் "ஆயிலை மாத்திப் பாருங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கியர்பாக்ஸுக்குள் ஓடும் அந்த ஆயில்தான் ஏடிஎஃப். யோசனை பாதி சரி. மீதிப் பாதியில்தான் வீட்டில் முதல்முறை செய்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். தட்டு வைக்க மறப்பது, புனல் சிறியதாக இருப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுவோம். அவற்றால் தரைதான் பாழாகும். கீழே உள்ளவற்றால் பாழாவது கியர்பாக்ஸ்.

எந்தச் சத்தம் என்று பார்க்காமலே ஆயில் வாங்குவது

வண்டி பார்க்கில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதியுங்கள். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் கியர்பாக்ஸ் பக்கமிருந்து வந்தால், ஆயில் குறைந்திருக்கலாம் அல்லது ஃபில்டர் அடைத்திருக்கலாம். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. இதற்கு ஆயில், ஃபில்டர் மாற்றம் பலன் தரும். 60, 80 கிலோமீட்டர் வேகத்தில், லேசாக மிதித்து ஓட்டும்போது மட்டும் வரும் நடுக்கம் பெரும்பாலும், எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச்சுடையது. ஆயிலில் உராய்வைச் சீராக்கும் சேர்மானம் தேய்ந்துபோனால் இப்படி நடுங்கும். இதுவும் புது ஆயிலில் குறைய வாய்ப்புண்டு.

பார்க்கிலிருந்து டிரைவுக்குத் தள்ளும்போது "டொக்" என்று ஒரே அடியா? முதலில் மவுன்ட் ரப்பர், ஆக்சில் ஜாயின்ட், ஐடில் வேகம் மூன்றையும் பாருங்கள். ஓடும்போது எஞ்சின் வேகம் எப்படி மாறினாலும், வண்டியின் வேகத்துக்கு ஏற்பவே கூடிக் குறையும் இரைச்சல் வீல் பேரிங்காகவோ டிஃபரன்ஷியலாகவோ இருக்கும். இவற்றுக்கு எவ்வளவு உயர்ந்த ஏடிஎஃப் ஊற்றினாலும் சத்தம் அப்படியேதான் இருக்கும்.

சிவப்பாக இருந்தால் போதும் என்று நினைப்பது

நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. டெக்ஸ்ரான் 3 வகையும் டெக்ஸ்ரான் 6 வகையும் சிவப்புதான். ஆனால் பின்னது இன்னும் நீர்ப்பானது. டொயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1, கிறைஸ்லர் ஏடிஎஃப்+4 ஒவ்வொன்றுக்கும் தனித் தனி உராய்வுக் கணக்கு உண்டு. வண்டிப் புத்தகத்தில் எந்த எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று டப்பாவில் எழுதியிருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். சிவிடி (கியர் படிகள் இல்லாத வகை) பெட்டியில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றவே கூடாது. அங்கே எஃகு பெல்ட் புல்லியைப் பற்றி ஓடுவதால் அதற்கென்றே வேறு ஆயில் உண்டு.

ஃபில் பிளக்கைக் கடைசியில் திறப்பது

ஆயில் ஊற்றும் ஓட்டையின் மூடி அது. முதலில் அதைத் திறங்கள். திறக்க வரவில்லையென்றால் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைத் தொடாதீர்கள். வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது.

சூடு பார்க்காமல் லெவல் பார்ப்பது

இந்த ஒரு தவறால் பிரிக்கப்பட்ட நல்ல கியர்பாக்ஸ்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். வடிந்த ஆயிலை அளப்பார்கள். 4 லிட்டர் வந்ததா, 4 லிட்டர் புதிதாக ஊற்றி, பிளக்கை மூடி, வண்டியை இறக்கிவிடுவார்கள். இரண்டு நாளில் முன்பு இல்லாத ஊளை, டிரைவில் போட்டதும் ஒரு நொடி தயக்கம், மேட்டில் ஏறும்போது வழுக்கல். "ஆயில் மாத்தினதே தப்பு, கியர்பாக்ஸ் போச்சு" என்று யாராவது தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அந்தப் பெட்டி கேட்டதோ இன்னும் முக்கால் லிட்டர் ஆயில்.

எடுத்த அளவையே ஊற்றுவது தொடக்கத்துக்கு மட்டும்தான் சரி. ஏற்கெனவே ஒழுகிக் குறைந்திருந்த பெட்டி என்றால், அந்தக் குறைவையும் சேர்த்தே திருப்பி ஊற்றுகிறீர்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏடிஎஃப் சூட்டில் நன்றாக விரியும். 8 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 350 மில்லி கூடிவிடும். அதனால்தான் லெவல் என்பது ஒரு குறிப்பிட்ட சூட்டில் மட்டுமே பொருள் தரும்.

டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) இல்லாத பெட்டிகள் பலவற்றில், பானின் (கியர்பாக்ஸின் கீழே ஆயில் தேங்கும் தட்டு) அடியில் லெவல் பிளக் இருக்கும். அதற்குள் ஒரு சிறு குழாய் நிமிர்ந்து நிற்கும். அதன் உச்சிதான் சரியான மட்டம். சில மாடல்களில் டிரெயின் ஓட்டையும் அதேதான். ஆலன் கீ போட்டு அந்தக் குழாயைக் கழற்றினால்தான் பான் முழுக்க வடியும். கழற்றாவிட்டால் கொஞ்சம் வடிந்து நின்றுவிடும். கழற்றியதைத் திருப்பிப் போட மறந்தாலோ, லெவல் பார்க்கும் நேரத்தில் பானில் இருப்பதெல்லாம் உங்கள் கையில்தான் கொட்டும்.

லெவல் பார்க்க வண்டி மட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் பின்னால் சாய்ந்து, காட்டும் மட்டம் பொய்யாகிவிடும். நான்கு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆயில் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு கியரிலும் மூன்று நான்கு நொடி நிறுத்தி, பார்க்குக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். புத்தகம் சொல்லும் சூடு வந்ததும் (பல பெட்டிகளுக்கு 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்) லெவல் பிளக்கைத் திறங்கள். ஒன்றுமே வரவில்லையென்றால் ஃபில் ஓட்டை வழியாக, வழியும்வரை ஊற்றுங்கள். நூல் போல ஓடி, பிறகு சொட்டாக மாறும் அந்தக் கணத்தில் மூடிவிட வேண்டும். புது வாஷர் போட மறக்காதீர்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு லெவல் பிளக்கைத் திறப்பவர்களும் உண்டு. பம்ப் ஓடாதபோது பானில் மட்டம் உயர்ந்துதான் இருக்கும். லிட்டர் கணக்கில் வழிந்ததும் "கம்பெனியிலேயே கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள்" என்று சந்தோஷமாக மூடிவிடுவார்கள். மறுநாள் ஊளை தொடங்கும்.

சூடு தாண்டிய பிறகு திறந்தால் விரிந்த ஆயில் வழிந்து, குளிர்ந்ததும் குறைவாக நிற்கும். குளிராக இருக்கும்போது வழியும்வரை ஊற்றினால் சூட்டில் மட்டம் ஏறி, சுழலும் பாகங்கள் ஆயிலைக் கலக்கி நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது, கிளட்ச்கள் வழுக்கும், காற்றுத் துளை வழியாக ஆயில் வெளியே வரும். குறைந்தாலும் கூடினாலும் அறிகுறி ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் சத்தம் கேட்டவுடன் இன்னும் அரை லிட்டர் ஊற்றிப் பார்ப்பது வைத்தியமாகாது.

சூட்டைப் பார்க்க, கியர்பாக்ஸ் ஆயில் சூட்டைத் தனியாகக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவி) வேண்டும். எளிய செயலிகள் பலவும் கூலன்ட் சூட்டைத்தான் காட்டும். அது வேறு, இது வேறு. பானின் மேல் லேசர் தெர்மாமீட்டர் அடித்தால் தெரிவது உலோகத்தின் சூடு. உள்ளே ஆயில் சில டிகிரி அதிகமாக இருக்கும்.

டிப்ஸ்டிக் உள்ள வண்டியிலும் புத்தகத்தைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சூடான நிலையில், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவின் டிப்ஸ்டிக் மாடல்களிலோ, சூடேறிய பின் எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே பார்க்க வேண்டும்.

பழைய ஃபில்டர் சீலை உள்ளேயே விடுவது

ஃபில்டரைப் பிடுங்கும்போது அதன் கழுத்தில் இருந்த ரப்பர் சீல் மேலே ஓட்டையிலேயே தங்கிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் அலுமினியத்தோடு ஒட்டி, கண்ணுக்குத் தெரியாது. விரலை விட்டுத் தடவினால்தான் விளிம்பு தட்டுப்படும். அதன்மேல் புது சீலை அழுத்தினால் ஃபில்டர் சரியாக உட்காராது, பம்ப் காற்றை இழுக்கும். எந்தச் சத்தத்துக்காக இறங்கினீர்களோ அது கூடிவிடும். வெளியே எடுக்கும்போது ஓட்டையில் கீறல் விழக் கூடாது.

கேஸ்கெட்டோடு சிலிக்கானும் பூசுவது

வேண்டாம். உள்ளே பிதுங்கிய துண்டு ஃபில்டரை அடைக்கும்.

பான் போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்குவது

இவை சிறிய போல்ட்கள். பெரும்பாலும் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். எதிரெதிராக, இரண்டு சுற்றாக முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் பானின் விளிம்பு வளையும், அங்கேதான் ஒழுகும்.

ஒரே தடவையில் எல்லாம் மாறிவிட்டது என்று நினைப்பது

டார்க் கன்வெர்ட்டரில் இருப்பது டிரெயின் பிளக் வழியாக வராது. மொத்தம் 8 லிட்டரில் 4 லிட்டர் வடிந்தால், பாதிதான் புதிது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை செய்தால் 75 சதவீதம், மூன்றாவது முறைக்கு 87.5 சதவீதம். லாக்-அப் நடுக்கம் முதல் முறையில் நிற்காததற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஆனால் ஃபில்டரை மூன்று முறையும் மாற்றத் தேவையில்லை.

வடிந்த ஆயிலைப் பார்க்காமல் கொட்டுவது

பானுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டுங்கள். விரலில் குத்தும் உலோகச் சில்லு இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, ஆயிலால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. புது ஆயில் ஊற்றலாம், அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம். இளஞ்சிவப்பாக, பால் கலந்தது போல வந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது என்று சந்தேகியுங்கள். கூலன்ட் கிளட்ச் தகட்டின் பசையைக் கரைத்துவிடும் என்பதால் வண்டியை ஓட்டாதீர்கள். முதலில் ரேடியேட்டரை மாற்றி, கூலர் குழாய்களைக் கழுவி, அதற்குப் பிறகுதான் ஆயில் டப்பாவைத் திறக்க வேண்டும்.