குறுக்கு வலியும் ஸ்கேனும்: முதுகெலும்பு அழற்சி வாதத்தைப் படத்தில் தேடுவது எப்படி?

அம்பாசமுத்திரம், களக்காடு, முக்கூடல் என்று நம்ம பக்கத்தில் எந்த ஊரிலிருந்தும் குறுக்கு வலியோடு வரும் இளவட்டங்கள் கையில் ஒரு பெரிய ஸ்கேன் கவர் வைத்திருப்பார்கள். உள்ளே இடுப்பு முதுகெலும்பின் எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில் ‘லேசான டிஸ்க் பிதுக்கம்’. வாழைத்தார் சுமந்ததால் வந்தது, குனிந்தே பீடி சுற்றியதால் வந்தது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால் வலியே இல்லாதவர்களின் படத்திலும் லேசான டிஸ்க் பிதுக்கம் சர்வசாதாரணம். முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாக்கி நாளடைவில் அவற்றை இறுக்கிவிடும் அழற்சி வாதம் வழக்கமாகத் தொடங்கும் மூட்டோ அந்தப் படத்தில் சரியாக விழுந்தே இருக்காது. இப்படியே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. ஸ்கேன் கவரைத் தூக்கிக்கொண்டு அலையும் வீட்டாருக்கும், படம் பார்க்கப் புதிதாகப் பழகும் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். சரியான படம் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

படி 1: படத்துக்கு முன்னால் வலியைக் கேளுங்கள்

45 வயதுக்குள் தொடங்கிய வலியா? 3 மாதத்துக்கு மேல் இருக்கிறதா? வெள்ளன எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துக் கிடக்கிறதா? நடந்து வேலை பார்த்தால் குறைந்து, படுத்தால் கூடுகிறதா? பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா? பிட்டத்தில் இடம் மாறி மாறி வலிக்கிறதா? கண் சிவந்து வலித்தது, சொரியாசிஸ், குதிகால் வலி, குடும்பத்தில் யாருக்காவது முதுகு வளைந்தது, இதையெல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். எச்எல்ஏ பி27 என்ற மரபணு அடையாளத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனை துணைக்கு உதவும். அது பாசிட்டிவாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. இந்தக் கதை இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தால் தப்பான முடிவுக்குப் போக நிறைய வாய்ப்பு உண்டு.

படி 2: எந்த மூட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதுகெலும்பின் அடியில் இருக்கும் சேக்ரம் எலும்பும் இருபக்க இடுப்பெலும்பும் சேரும் இடம்தான் எஸ்ஐ ஜாயின்ட். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. பெரும்பாலும் நோய் இங்கேதான் ஆரம்பித்து மெல்ல மேலே ஏறும்.

படி 3: முதலில் எக்ஸ்ரே

முன்பின்னாக எடுத்த இடுப்புக்கூட்டு எக்ஸ்ரே ஒன்று போதும். இரண்டு எஸ்ஐ ஜாயின்ட்டும் தொடை மூட்டுகளும் அதிலேயே தெரியும். படத்தின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூட்டின் கீழ்ப்பாதியை உற்றுப் பாருங்கள். ஓரம் அரித்ததுபோல் இருக்கிறதா, பக்கத்து எலும்பு கூடுதலாக வெளுத்திருக்கிறதா, இடைவெளி குறைந்திருக்கிறதா, மூட்டே ஒட்டிப்போய்விட்டதா? அரிப்பு பெரும்பாலும் முதலில் இடுப்பெலும்புப் பக்கம்தான் தெரியும். 1984-ல் வந்த திருத்திய நியூயார்க் அளவுகோல்படி இந்த மாற்றங்களுக்கு 0 முதல் 4 வரை நிலை கொடுப்பார்கள். இருபக்கமும் 2-ஆம் நிலையோ அதற்கு மேலோ, அல்லது ஒருபக்கம் 3, 4 இருந்தால் எக்ஸ்ரேயில் நோய் தெரிகிறது என்று கணக்கு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. எலும்பு அரித்து எக்ஸ்ரேயில் தெரியவே பல வருஷம் ஆகலாம். குடலில் நிற்கும் வாயுவும் மூட்டை மறைக்கும். வலி தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆன இளவயதுக்காரருக்கு டாக்டர் நேரடியாக எம்ஆர்ஐ எழுதினால் அதில் தவறே இல்லை.

படி 4: எம்ஆர்ஐ, ஆனால் சரியான எம்ஆர்ஐ

சீட்டில் ‘எல்எஸ் ஸ்பைன்’ (இடுப்பு முதுகெலும்பு) என்று மட்டும் எழுதியிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “சார், எஸ்ஐ ஜாயின்ட்டும் சேர்த்து எடுக்கணுமா?” இந்த ஒரு கேள்வி இரண்டாவது ஸ்கேன் செலவை மிச்சப்படுத்தும். வெளியூரிலிருந்து பஸ் ஏறிப் பாளையங்கோட்டை வருகிறவர்களுக்கு அலைச்சலும் மிச்சம்.

உள்ளே போகும்முன் செயின், வளையல், வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்ற வேண்டும். பேஸ்மேக்கர், உடம்புக்குள் வைத்த கிளிப், கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. இந்த நோயைத் தேடப் பெரும்பாலும் சாய ஊசியும் தேவைப்படாது.

சேக்ரத்தின் சாய்வை ஒட்டியே வெட்டுகள், அதாவது துண்டு துண்டான படங்கள், எடுக்க வேண்டும். அதற்குக் குறுக்காகவும் ஒரு வரிசை இருந்தால் நல்லது. அப்புறம் இரண்டு வகைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டிர் வகையில் நீர் வெள்ளையாகவும் கொழுப்பு கருப்பாகவும் தெரியும். டி1 வகையில் கொழுப்பு வெள்ளை. எது எது என்று குழம்பினால் முதுகெலும்புக் குழாய்க்குள் இருக்கும் நீரைப் பாருங்கள்: அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது ஸ்டிர்.

ஸ்டிரில் மூட்டுக் குருத்தெலும்பை ஒட்டிய எலும்புக்குள் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது எலும்பு மஜ்ஜை வீக்கம், அதாவது இப்போது நடக்கும் அழற்சி. அதே இடத்தை டி1-ல் பாருங்கள். ஓரம் அரித்திருக்கிறதா? கொழுப்புத் திட்டு படிந்திருக்கிறதா? அவை பழைய அழற்சி விட்டுப்போன தடயங்கள். வீக்கமும் அரிப்பும் சேர்ந்தே இருந்தால் சந்தேகம் வலுக்கும். வீக்கம் மட்டும், அதுவும் சின்னதாக ஒரே வெட்டில் என்றால் அவசரப்படக் கூடாது.

படி 5: இதுபோலவே தெரியும் வேறு விஷயங்கள்

படம் பார்க்கப் பழகுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பிரசவமான பெண்களுக்கு எஸ்ஐ ஜாயின்ட்டில் மஜ்ஜை வீக்கம் மாதக்கணக்கில் தெரியலாம்; பிள்ளை பெற்று எவ்வளவு நாளாயிற்று என்று கேட்காமல் படத்தைப் படிக்கவே கூடாது. ஓட்டப் பயிற்சி எடுப்பவர்கள், ராணுவத் தேர்வுக்கு ஓடும் பையன்கள் படத்திலும் சின்னச் சின்ன வீக்கம் இருக்கும். வயதானவர்களுக்குத் தேய்மானம்.

ஒரு பக்கம் மட்டும் வீங்கி, வெள்ளை நிறம் எலும்பைத் தாண்டிச் சதைக்குள்ளும் பரவியிருந்தால் கிருமித்தொற்றை நினைக்க வேண்டும். நம் நாட்டில் காசநோயை மறக்கவே கூடாது. காய்ச்சல், எடை குறைவு இருந்தால் உடனே சொல்லுங்கள். அழற்சி வாதத்துக்குத் தரும் சில ஊசி மருந்துகள் காசநோயைக் கிளப்பிவிடும் என்பதால் இதை விட்டுவிடவே முடியாது.

படி 6: மேலே முதுகெலும்பு

நோய் மேலே ஏறினால் முதலில் முள்ளெலும்பின் மூலைகள் பளபளக்கும், முன்பக்க வளைவு போய்ச் சதுரமாகும், முற்றினால் ஓரங்களில் மெல்லிய எலும்புப் பாலங்கள் செங்குத்தாக வளரும். எல்லாம் ஒட்டிப்போனால் அதைத்தான் ‘மூங்கில் முதுகெலும்பு’ என்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்க இவ்வளவு தூரம் காத்திருக்கத் தேவையில்லை.

படி 7: சிடி எப்போது?

எக்ஸ்ரே கதிரால் வெட்டு வெட்டாகப் படம் எடுப்பது சிடி ஸ்கேன். எலும்பரிப்பை எக்ஸ்ரேயைவிட அது தெளிவாகக் காட்டும். அழற்சி வீக்கத்தைக் காட்டாது, கதிரும் உண்டு. எம்ஆர்ஐ எடுக்க முடியாதபோது டாக்டர் கேட்பார்.

ஆனால் ஒரு சந்தர்ப்பத்தில் சிடி அவசரம். முதுகு ஏற்கெனவே இறுகிப்போனவர் பைக்கிலிருந்தோ, குளியலறையில் வழுக்கியோ விழுந்து புதிதாகக் கழுத்து வலி, முதுகு வலி என்றால், அடி லேசானதாக இருந்தாலும் எலும்பு முறிந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடும். கழுத்தை நிமிர்த்திப் படுக்கவைக்கப் பார்க்காதீர்கள். அவருடைய வழக்கமான வளைவிலேயே தலையணை கொடுத்து, அசையாமல் 108 ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். போனதும் முதல் வார்த்தையாக அவருக்கு இந்த வாதம் இருப்பதைச் சொல்லி, சிடி வேண்டுமா என்று கேளுங்கள்.