மனு டைப் பண்ற கடைக்கு லினக்ஸ் மின்ட்: பழைய கம்ப்யூட்டரை தூக்கிப் போடாம மாத்துறது எப்படி

விண்டோஸுக்கு பதிலா கம்ப்யூட்டர்ல போடுற இலவச ஓஎஸ்தான் லினக்ஸ், அதுல ஒரு வகை லினக்ஸ் மின்ட். முதல்லயே சொல்லிடுறேன், உங்க கடையில டாலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) ஓடுற மெஷின் இருந்தா அதை மட்டும் தொடாதீங்க. டாலி விண்டோஸுக்குன்னு செஞ்சது, ஒயின்னு விண்டோஸ் புரோகிராமை ஓட்டுற ஒண்ணைப் போட்டு லினக்ஸ்ல ஓட்டலாம்னு யூடியூப்ல ஆயிரம் பேர் சொல்லுவாங்க, மாசக் கடைசியில கணக்கு நிக்கும்போது அவங்க யாரும் வந்து நிக்க மாட்டாங்க. அந்த ஒண்ணு விண்டோஸ்லயே இருக்கட்டும், மத்ததை மாத்துங்க.

எங்க கடை கடலூர் மஞ்சக்குப்பத்துல. ஜெராக்ஸ், மனு டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன், கொஞ்சம் ஸ்டேஷனரி. மூணு கம்ப்யூட்டர், மூணும் நாலாவது தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 போடலாம்னா டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்) வேணும், இன்டெல்னா எட்டாவது தலைமுறையாவது இருக்கணும், நம்மகிட்ட ரெண்டும் கிடையாது. சர்வீஸ் பாக்குற தம்பி "அண்ணே மூணையும் புதுசா வாங்கிடுங்க"ன்னு ஈஸியா சொல்லிட்டான். ரெண்டு ரூபா ஜெராக்ஸ் எடுத்து மூணு கம்ப்யூட்டர் எப்படி வாங்குறது? அதான் இந்த வேலை.

1. பழைய டிஸ்க்கை கழட்டி வைங்க

எல்லாரும் டூயல் பூட் (ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ்) பண்ணுன்னு சொல்லுவாங்க, நான் வேணாம்பேன். ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கை விட வேகமான டிஸ்க்) வாங்கி அதுல லினக்ஸை போடுங்க, பழைய ஹார்டு டிஸ்க்கை விண்டோஸோட அப்படியே கழட்டி பீரோவுல வைங்க. ஏதாவது சொதப்பினா பத்து நிமிஷத்துல பழையபடி மாட்டிட்டு கடையை நடத்தலாம். ஹார்டு டிஸ்க்ல எந்த ஓஎஸ் போட்டாலும் தூங்கத்தான் போகுது, அதனால எஸ்எஸ்டி காசு வீண் இல்ல.

இது போக ஃபைல் எல்லாத்துக்கும் தனியா ஒரு பேக்கப் வேணும், அது கடையில இருக்கக் கூடாது, வீட்டுல இருக்கணும். 2024-ல ஃபெஞ்சல் புயல் அடிச்சு, சாத்தனூர் அணையிலேர்ந்து தண்ணி திறந்து தென்பெண்ணையில வெள்ளம் வந்துச்சே, அந்த வாரம் நம்ம ஊர்ல தரையோட தரையா சிபியு வெச்சிருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க.

2. எந்த லினக்ஸ்

லினக்ஸ் மின்ட், அதுல எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான பதிப்பு. உபுண்டுன்னு இன்னொரு லினக்ஸ் நல்லதுதான், ஆனா 4 ஜிபி மெஷின்ல மூச்சு வாங்கும், அதோட ஸ்க்ரீன் அமைப்பு விண்டோஸ் பழகின ஆளுக்கு தலைகீழா தெரியும். மின்ட்ல ஸ்டார்ட் மெனு கீழ இடது மூலையில இருக்கு, எங்க கடையில மனு அடிக்கிற அக்கா வந்து உக்காந்தா தேட வேணாம். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04 மேல செஞ்சது, 2029 வரைக்கும் அப்டேட் வரும்.

(அரசு இலவச லேப்டாப்ல விண்டோஸ் கூட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? சி-டாக் செஞ்சது. வந்த அன்னிக்கே அதை அழிச்சுட்டு இடத்தைப் புடிச்சவங்கதான் நாம எல்லாரும். என் தங்கச்சி லேப்டாப்ல நானேதான் அழிச்சேன். இப்ப லினக்ஸ் போட சொல்லித் தரேன், காலம்.)

3. பென்டிரைவ், பூட், இன்ஸ்டால்

மின்ட் சைட்டுல ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) கிட்டத்தட்ட 3 ஜிபி, 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதைப் பென்டிரைவ்ல ஏத்த ரூஃபஸ், எட்சர்னு புரோகிராம் எல்லாம் இருக்கு, எனக்கு வென்டாய்தான் புடிக்கும், ஒரு தடவை பென்டிரைவ்ல போட்டுட்டா அப்புறம் ஐஎஸ்ஓவை சாதா ஃபைல் மாதிரி காப்பி பண்ணா போதும். மெஷினை ஆன் பண்ணும்போது எஃப்12 இல்லன்னா எஃப்9, எஸ்கேப், ஏதோ ஒண்ணு பூட் மெனு காட்டும்.

உடனே இன்ஸ்டால் ஐகானை அமுக்காதீங்க. பென்டிரைவ்லேர்ந்தே ஓடும், அதுலயே வைஃபை, சவுண்டு, முக்கியமா பிரிண்டரை சொருகி ஒரு பக்கம் அடிச்சுப் பாருங்க. இப்ப வர்ற நிறைய பிரிண்டர் டிரைவர் இல்லாமயே வேலை செய்யும். பழைய லேசர்ல சிலதுக்கு ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்லேர்ந்து ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) ஏத்தணும், அதுக்கு தனி பிளக்இன் உண்டு. மாடல் நம்பரை ஓப்பன்பிரிண்டிங் சைட்டுல போட்டுப் பாத்துக்கோங்க.

எல்லாம் சரின்னா இன்ஸ்டால். எஸ்எஸ்டி காலியா இருக்கறதால "டிஸ்க்கை அழி"ன்னு குடுக்கலாம், பாட்டு, வீடியோ ஓட மல்டிமீடியா கோடெக் டிக் போடுங்க. கீபோர்டு கேக்கற இடத்துல தமிழ்னு ஆசைப்பட்டு குடுத்துடாதீங்க, இங்கிலீஷ் யூஎஸ்னு விடுங்க, இல்லன்னா பாஸ்வேர்டு அடிக்கவே திண்டாடணும். யுபிஎஸ் இல்லாம ஆரம்பிக்காதீங்க, நம்ம ஊர் கரன்ட்டை நம்பி வேலைக்கு ஆகாது.

4. தமிழ் டைப்பிங் (இங்கதான் எனக்கு ரெண்டு நாள் போச்சு)

எங்க கடையில மனு அடிக்கிற அக்கா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவங்க. கண்ணை மூடிட்டு அடிப்பாங்க. அம்மான்னு வர இங்கிலீஷ் எழுத்துல amma-ன்னு அடிக்கிற ஃபோன் கதையெல்லாம் அவங்ககிட்ட செல்லாது. திங்கக்கிழமை மனு நாள்ல காலையில வரிசை நிக்கும், அப்ப விரல் தடுமாறினா லினக்ஸை தூக்கி வெளிய போடுன்னுடுவாங்க.

மெனுவுல "இன்புட் மெத்தட்"னு ஒண்ணு இருக்கு. அதைத் திறந்து இடது பக்கம் தமிழை அமுக்கினா என்னென்ன பேக்கேஜ் போடணும்னு அதுவே காட்டும், ஐபஸ் (டைப்பிங் முறையை மாத்தித் தர்றது), எம்17என் (தமிழ் கீபோர்டு முறைகள் இருக்கறது) ரெண்டும் வந்துடும். மேல இன்புட் மெத்தட் ஃப்ரேம்வொர்க்ல ஐபஸ்னு தேர்ந்தெடுங்க. இப்ப லாக் அவுட் பண்ணி திரும்ப லாகின் பண்ணுங்க. நான் இதைப் பண்ணாமதான் ரெண்டு நாள் அழிச்சுட்டு போட்டு அழிச்சுட்டு போட்டு உக்காந்திருந்தேன், விண்டோவை மூடித் திறந்தா பத்தாது, லாக் அவுட்டே ஆகணும். அப்புறம் ஐபஸ் பிரிஃபரன்ஸ், இன்புட் மெத்தட், ஆட், தமிழ். அங்க தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட்னு வரிசையா வரும். அக்காவுக்கு டைப்ரைட்டர், எனக்கு தமிழ்99 (கம்ப்யூட்டருக்குன்னு வந்த தமிழ் கீபோர்டு அமைப்பு). மாத்துறதுக்கு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும். ஒண்ணு ரெண்டு குறி இடம் மாறி இருந்துச்சு, ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டிட்டோம், ஒரு வாரத்துல அதைக் கிழிச்சுட்டாங்க.

சிஸ்டம் செட்டிங்ஸ்ல கீபோர்டு லேஅவுட்னு இன்னொரு இடத்துலயும் தமிழ் இருக்கும், அதுல டேப், டிஸ்கின்னு பேர் ஒட்டினதும் இருக்கும். அதெல்லாம் யூனிகோடுக்கு (இப்ப எல்லா மெஷின்லயும் பொதுவா ஓடுற எழுத்து முறை) முந்தின குறியாக்கம், அதை எடுக்காதீங்க.

அடுத்த தலைவலி பழைய ஃபைல். பத்து வருஷ மனு மாதிரிகள் எல்லாம் பாமினி மாதிரி, இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழைக் காட்டுற பழைய ஃபாண்ட்ல இருக்கு. லிப்ரேஆஃபீஸ்ல (மின்ட்ல வேர்டுக்கு பதிலா இருக்கறது) திறந்தா முழுக்க இங்கிலீஷ் எழுத்தும், புள்ளி வர்ற இடமெல்லாம் அரைப்புள்ளியுமா நிக்கும். பயப்படாதீங்க, விண்டோஸ்லேர்ந்து அந்த ஃபாண்ட் ஃபைலை எடுத்துட்டு வந்து டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா தமிழ் வந்துடும்.

வந்துடும், ஆனா ஒரு கூத்து இருக்கு. அந்த ஃபாண்ட்ல அடிக்கிறதை லிப்ரேஆஃபீஸ் இங்கிலீஷ்னுதான் நினைக்கும். வாக்கியம் ஆரம்பிச்சா முதல் எழுத்தை பெரிய எழுத்தா மாத்தும். பாமினியில சின்ன எழுத்துல "ம" வர்ற கீ, பெரிய எழுத்துல "மு". அக்கா "மனைப்பட்டா"ன்னு அடிக்கிறாங்க, ஸ்க்ரீன்ல "முனைப்பட்டா"ன்னு நிக்குது. அவங்க அழிச்சு அழிச்சு அடிக்கிறாங்க, அது மாத்தி மாத்தி வெக்குது, கடைசியில என்னைத் திட்டுறாங்க. டூல்ஸ், ஆட்டோகரெக்ட், ஆப்ஷன்ஸ் போய் "ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் பெரிதாக்கு"ங்கற டிக்கையும், அதுக்குப் பக்கத்துல இருக்கற "இரண்டு பெரிய எழுத்து" டிக்கையும் எடுத்து விடுங்க.

புது மனு எல்லாம் யூனிகோட்லதான் அடிக்கிறோம். அதுக்கு ஆப்ஷன்ஸ்ல லாங்குவேஜ் பகுதியில காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுக்கு (தமிழ் மாதிரி எழுத்துக்கான அமைப்பு) டிக் போட்டு தமிழை வைங்க. ஃபாண்ட் சைஸ் 14 வெச்சும் தமிழ் மட்டும் 12-லயே வருதுன்னா, லிப்ரேஆஃபீஸ் ரைட்டர் ஆப்ஷன்ல தமிழுக்கு தனி ஃபாண்ட் பக்கம் இருக்கு, அங்க மாத்தணும்.

அப்டேட்: பழைய ஃபைலை யூனிகோடா மாத்த ஆன்லைன் கன்வெர்ட்டர்ல போடலாமான்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. காலி மாதிரிப் படிவத்தை போடுங்க, தப்பில்ல. ஆதார் நம்பரும் சர்வே நம்பரும் இருக்கற மனுவை யாரோட சைட்டுலயோ ஒட்டாதீங்க, அது நம்ம சொத்து இல்ல.

5. மிச்சம்

வேர்டு ஃபைல் அனுப்பணும்னா டாக்எக்ஸ்னு சேவ் பண்ணுங்க, அடிச்சபடியே தெரியணும்னா பிடிஎஃப். ஜிஎஸ்டி போர்டல் ஃபயர்ஃபாக்ஸ்லயே திறக்குது, தனி ஆள் கடைன்னா ஓடிபி வெச்சே ரிட்டர்ன் போடலாம். கம்பெனி, எல்எல்பின்னா டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வேணும், அதை நான் முன்னாடி சொன்ன அந்த விண்டோஸ் மெஷின்லயே வெச்சுக்கோங்க, எதுக்கு வம்பு.

டைம்ஷிஃப்ட்னு ஒரு புரோகிராம் மின்ட்லயே இருக்கு, வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய சிஸ்டத்தோட காப்பி) வெக்கச் சொல்லுங்க. அது சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாத்தும், உங்க மனு ஃபைலை இல்ல. இதை ஒண்ணா நினைச்சு ஏமாறாதீங்க.

அப்டேட் 2: வில்லியனூர்லேர்ந்து ஒரு தம்பி, எஸ்எஸ்டி லேப்டாப்ல இன்ஸ்டாலர் டிஸ்க்கையே காட்டலன்னு கேட்டிருந்தாரு. பயாஸ்ல (ஆன் பண்ணும்போது வர்ற மெஷின் செட்டிங்ஸ்) டிஸ்க்கோட பேசற முறை ஆர்எஸ்டின்னு இருந்திருக்கு, ஏஹெச்சிஐங்கற முறைக்கு மாத்தினதும் வந்துடுச்சு. அதே டிஸ்க்ல விண்டோஸ் இருந்தா இதை மாத்தினதும் அது பூட் ஆகாம நிக்கலாம், பாத்து. நேர்ல ஆள் வேணும்னா விழுப்புரத்துல குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கு, புதுச்சேரியில எஃப்எஸ்எச்எம்னு சுதந்திர மென்பொருள் அமைப்பு இருக்கு, போய்க் கேளுங்க.

அப்டேட் 3: ரெண்டாவது மெஷினும் மாத்தியாச்சு. மூணாவதுல டாலி.