பல்கலைக்கழகத்தையும் ஆய்வு மையத்தையும் இணைக்கப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில், எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஒரு பல்கலைக்கழகத்தையும் ஒரு தேசிய ஆய்வு மையத்தையும் ஒரே நிறுவனமாக்கக் கமிட்டி போட்டிருக்கிறார்கள், இவர்தான் அதற்குச் செயலர். மொத்தம் 40 ஸ்லைடு. லோகோ மட்டும் மூன்று மாதிரி. பணியாளர்களைப் பற்றி 38-வது ஸ்லைடில் ஒரே வரி: "பணி விதிகள் பின்னர் இறுதி செய்யப்படும்." எனக்கு டீ புரையேறிவிட்டது. ஏறக்குறைய இதே வரியை நானே ஒரு காலத்தில் நோட்டு ஃபைலில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பணியாளர் விவகாரங்களைப் பார்க்கும் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனிலேயே காலம் தள்ளி ரிட்டையர் ஆனவன் நான். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாசம். இப்படி ஒரு இணைப்பு வேலையில் வசமாக மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டு. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். "எல்லோரையும் கலந்து பேசுங்கள்" வகை அறிவுரைகளை விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை.

பட்டம் கொடுக்க மட்டும் என்றால் இணைப்பே வேண்டாம்

இணைப்பு யோசனைகளில் பாதி, ஆய்வு மையத்துக்குப் பிஎச்.டி. மாணவர்கள் வேண்டும் என்பதில்தான் ஆரம்பிக்கும். அதற்கு இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை எதற்கு? புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கும் வி.சி.ஆர்.சி.யை, அதாவது நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆய்வு மையத்தைப் பாருங்கள். 1975-லிருந்து கொசுவோடு மல்லுக்கட்டும் மையம். இன்றைக்கும் அது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனம்தான், ஆனால் அங்கே நடக்கும் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்சி. படிப்பு புதுவைப் பல்கலைக்கழகத்தின் அஃபிலியேஷன் பெற்றது. யாருடைய சம்பளப் பட்டியலும் கலையவில்லை. இன்னொரு வழி, 2005-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஹோமி பாபா தேசிய நிறுவனம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சென்னை கணித அறிவியல் நிறுவனமும் அதன் குடைக்குள் வருகின்றன. பட்டம் குடையின் பெயரில், அலுவலகம் அவரவர் இடத்தில்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, போதாது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

ஒப்பந்தம் போட்டால் இணைந்துவிடாது

பல்கலைக்கழகம் சட்டத்தால் உண்டானது. ஆய்வு மையம் பெரும்பாலும் சொசைட்டியாகப் பதிவாகியிருக்கும். 1860 சொசைட்டிகள் பதிவுச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி சொசைட்டியைக் கலைக்க உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். அரசு அதில் உறுப்பினராகவோ பணம் கொடுத்தோ இருந்தால் அரசின் சம்மதமும் வேண்டும். கை குலுக்கிப் போட்டோ எடுத்தால் போட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டு கஜானாவை ஒன்றாகக் கொட்டுவது

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ. 1825-ல் பாலிடெக்னிக்காகத் தொடங்கிய பல்கலைக்கழகமும், 1956-ல் அணு உலைக்காக உருவான ஆய்வு மையமும் 2009 அக்டோபர் 1 அன்று கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனமாக ஒன்றாயின. தம்பியின் ஸ்லைடிலும் அது இருந்தது, பெரிய கலர் படத்தோடு. படத்தில் இல்லாதது பணக் கதை. பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசின் பணம். ஆய்வு மையத்துக்கு 90 சதவீதம் மத்திய அரசு, 10 சதவீதம் மாநிலம். அதனால் பெயர் ஒன்றான பிறகும் உள்ளே பல்கலைக்கழகப் பகுதி, பெரு ஆய்வுப் பகுதி என்று இரண்டு அடுப்பு தனித்தனியாகவே எரிந்தது. அந்தப் பிரிவை எடுத்துவிடும் சட்டத்திருத்தம் 2021-ல் நிறைவேறி 2023-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நாள் நட்சத்திரம் பார்த்துத் தாலி கட்டியாயிற்று, ஒரே உலையில் அரிசி போட 13 வருஷத்துக்கு மேல். பணமும் சட்ட அறிவும் உள்ள ஊரிலேயே இந்தக் கதை. நம் தம்பியின் ஸ்லைடில் "நிதி ஒருங்கிணைப்பு: 6 மாதம்."

ஆப்ஷன் ஃபாரம்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். முதல் கோபம் என் மேல்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆசிரியரும் விஞ்ஞானியும் ஒன்றுதான், இருவருக்கும் கண்ணாடி, இருவருக்கும் முனைவர் பட்டம். சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தால் இரண்டும் வேறு வேறு ஜாதகம். மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் 65 வயதில் ஓய்வு பெறுவார், பல ஆய்வு மையங்களில் விஞ்ஞானிக்கு 60. ஆசிரியருக்குக் கோடை விடுமுறை உண்டு, அதனால் ஈட்டிய விடுப்பு குறைவு. விஞ்ஞானிக்கு விடுமுறை கிடையாது, வருஷத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, ஓய்வு பெறும்போது 300 நாள் வரை காசாக்கலாம். பதவி உயர்வுக்கான கணக்கும் வேறு. இதன் மேல் இன்னொரு கோடு: 2004 ஜனவரி 1-க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன், பின் சேர்ந்தவருக்குப் புதிய திட்டம், சில இடங்களில் இன்னமும் பென்ஷனுக்குப் பதில் வருங்கால வைப்பு நிதி தரும் சி.பி.எஃப். காலத்து ஆட்கள் ஓரிருவர். இணைப்பு என்றதும் 59 வயது விஞ்ஞானி கேட்கும் முதல் கேள்வி, "அப்போ நான் இனிமே வாத்தியாரா சார்?" கேள்விக்குப் பின்னால் அவருடைய ஐந்து வருஷச் சம்பளம் நிற்கிறது.

இதற்கெல்லாம் வழி, ஆளாளுக்கு விருப்பம் கேட்பது. சரி, ஃபாரம் தயாரித்தேன். ஒரே பக்கம், இரண்டு கட்டம். பல்கலைக்கழக விதிகள் ஒன்று, ஆய்வு மைய விதிகள் ஒன்று, ஏதாவது ஒன்றில் டிக் செய்து 30 நாளில் தரவும். ரொம்ப சுத்தமாக இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டினார். எதில் என்ன கிடைக்கும் என்று ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணை அதில் இல்லை. ஒருமுறை டிக் செய்தால் மாற்றலாமா என்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பதிலே தராதவர் என்ன ஆவார் என்ற வாக்கியம் இல்லை.

சர்குலர் ஈமெயிலில் போனது, நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினோம். விலங்குக் கூடத்தில் எலிக்குத் தீனி வைக்கும் உதவியாளருக்கும் டிரைவருக்கும் அப்போது ஏது ஆபீஸ் ஈமெயில்? திரும்பி வந்த ஃபாரங்களை நான்தான் பிரித்தேன். சிலர் இரண்டு கட்டத்திலும் டிக் செய்திருந்தார்கள். ஒருவர் இரண்டையும் அடித்துவிட்டு, நீல மசியில் பொறுமையாக எழுதியிருந்தார்: "எது எனக்கு நல்லதோ அது." நாங்கள் சிரித்தோம். இப்போது யோசித்தால் அந்த ஃபாரத்துக்குச் சரியான பதில் எழுதியவர் அவர் ஒருவர்தான்.

பதிலே தராதவர்கள் 11 பேர். நினைவூட்டல் அனுப்பினோம், கெடுவை நீட்டினோம், மறுபடியும் நீட்டினோம். அதற்குள் சொசைட்டியைக் கலைத்தாகிவிட்டது. அவர்களுடைய பணியிடம், இல்லாமலே போய்விட்ட ஒரு நிறுவனத்தில் இருந்தது. இங்கிரிமென்ட் போட யாருக்கு அதிகாரம் என்று தெரியாமல் நின்றது, ஆடிட்காரர்கள் ஆட்சேபணை பாரா எழுதினார்கள், அப்புறம் வழக்கு. விலங்குக் கூட உதவியாளர் அந்த 11 பேரில் ஒருவர். சர்குலர் ஒட்டியிருந்த மாதம் முழுக்க அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பின் பென்ஷன் ஃபைலுக்காக மஞ்சள் பையோடு வந்து என் மேஜை முன்னால் நிற்பார். "அந்தப் பக்கம் கேளுங்க" என்று நான் அனுப்புவேன், அந்தப் பக்கத்தவர் என்னிடம் அனுப்புவார். பையில் அவருடைய சேர்க்கை ஆணை, நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்னால் செல்லோ டேப் ஒட்டியிருக்கும். உட்காருங்கள் என்றாலும் உட்கார மாட்டார்.

இத்தனைக்கும் முன்மாதிரி அலமாரியிலேயே இருந்தது. 1987 மே 1 தேதியிட்ட மத்திய அரசு ஆணை. சி.பி.எஃப்.பில் இருந்தவர்கள், அதிலேயே தொடர்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய, பென்ஷனுக்கு மாறியதாகவே கருதப்படுவார்கள்; எழுதிக் கொடுக்கக் கடைசி நாள் செப்டம்பர் 30. மௌனத்துக்கும் ஒரு அர்த்தம் எழுதிவிட்டார்கள். அந்த ஆணையிலும் கெடு தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்ட இடத்தில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, அது தனிக் கதை. அதனால் கெடுவை நீட்டுவதாக இருந்தால் மௌனத்தின் அர்த்தத்தையும் கூடவே மறுபடி எழுதுங்கள்.

இப்போது கேட்டால் நான் சொல்வது: பதில் தராதவர் பழைய விதிகளிலேயே தொடர்வார் என்று எழுதுங்கள். பழைய பணியிடங்களைக் கடைசி ஆள் ஓய்வு பெறும் வரை தனிப் பட்டியலாக வைத்திருங்கள், புதிதாக ஆள் எடுக்காதீர்கள், சீனியாரிட்டியைக் கலக்காதீர்கள். ஃபாரத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், லீவில் இருப்பவருக்கு வீட்டு விலாசத்துக்குப் பதிவுத் தபால். ஒப்பீட்டு அட்டவணை தமிழிலும் இருக்கட்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் சொசைட்டியைக் கலைப்பது.

கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை. 2013-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை மாநில அரசு ஏற்ற பிறகு, உபரி என்று கணக்கிடப்பட்டவர்கள் அயல்பணியில் எந்தெந்த ஊருக்கோ போனார்கள். அது இணைப்பு இல்லைதான். ஆனால் "நம்ம போஸ்டிங் என்ன ஆகும்" என்ற கேள்வி ஒரு வீட்டில் எப்படி உட்கார்ந்துகொள்ளும் என்பது சிதம்பரத்தில் கேட்டால் தெரியும்.

பழைய பெயரை அவசரமாக அழிப்பது

டென்மார்க்கில் 1950-களில் உருவான ரிசோ தேசிய ஆய்வகம் 2007 ஜனவரி 1-ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. காற்றாலை ஆராய்ச்சியில் பெரிய பெயர். அதனால் ரிசோ என்ற பெயரைப் பல்கலைக்கழகப் பெயருக்கு முன்னால் ஒட்டியே சில வருஷம் வைத்திருந்தார்கள். 2012-ல் தனி நிறுவனமாக அது இல்லாமல் போன பிறகும் வளாகத்துக்கு அந்தப் பெயர் நிற்கிறது. நல்ல வழி.

ஆய்வுக் கட்டுரையில் நிறுவனப் பெயர்

ஒரே எழுத்துக்கூட்டல். முதல் நாளிலிருந்து.

இரண்டு வளாகம்

கார்ல்ஸ்ரூவில் இரண்டுக்கும் நடுவில் சுமார் 10 கிலோமீட்டர். பஸ்ஸுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள், ஆடிட்டோரியம் அப்புறம்.

லோகோ

கடைசியில்.

இவ்வளவையும் தம்பியிடம் சொன்னேன், மூன்று டீ ஆனது. நேற்று ராத்திரி புதிய ஃபாரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அட்டவணை இருக்கிறது, பதில் தராதவர் பற்றிய வாக்கியம் தடித்த எழுத்தில் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. கடைசித் தேதியைப் பார்த்தேன். ஜனவரி 15. பொங்கல் லீவில் யார் தம்பி ஆபீசுக்கு வருவார்கள் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.