தகர டப்பாவில் ஒரு கேமரா: துளையிடுவது முதல் பிரதி எடுப்பது வரை

மூடி இறுக்கமாகப் பொருந்தும் உருளைத் தகர டப்பா ஒன்று வேண்டும். குறுக்களவு 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசிக் காயவிட்டு, பக்கவாட்டின் நடுவில் சிறு சதுரம் வெட்டுங்கள்.

அடுத்தது துளை. லென்ஸின் வேலை முழுவதையும் அதுவே செய்வதால் இங்கே அவசரம் கூடாது. குளிர்பான டப்பாவிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டை அட்டை மேல் வைத்து, மெல்லிய தையல் ஊசியின் முனையால் லேசாக அழுத்துங்கள். குத்திவிடாதீர்கள், மறுபுறம் புடைத்தால் போதும். புடைப்பை நைசான உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் ஊசி வைத்து, மீண்டும் தேயுங்கள். இந்த டப்பாவுக்கு 0.4 மில்லிமீட்டர் துளை பொருந்தும். பெரிதானால் படம் மங்கும். மிகச் சிறிதானால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதால் அப்போதும் மங்கும். துளை ஒன்றுக்கு அரை மணி நேரம் செலவிட நான் தயங்குவதில்லை. தகட்டை உட்புறம் ஒட்டுங்கள். வெளியே ஒட்டும் கறுப்பு டேப்தான் ஷட்டர்.

ஒளி புகாத குளியலறையே இருட்டறையாகும். கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாள் சிவப்பு ஒளியை உணராது என்பதால், இருட்டறைக்கான சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். தாளின் ரசாயனம் பூசிய பக்கம் துளையைப் பார்க்கும்படி டப்பாவில் வளைத்துப் பொருத்துங்கள்.

வெளியே டப்பாவை அசையாமல் வைத்து டேப்பை விலக்குங்கள். நல்ல வெயிலில் 40 விநாடி, மேகமூட்டத்தில் நான்கைந்து நிமிடம் என்று தொடங்கலாம். தாள் கன்னங்கரேலென்று வந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

கழுவும்போது கையுறையும் காற்றோட்டமும் அவசியம். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளுக்கு, 20 டிகிரி செல்சியஸில் டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்) 60 முதல் 90 விநாடி, ஸ்டாப் பாத் (அந்த வேலையை நிறுத்தும் கரைசல்) 30 விநாடி, ஃபிக்ஸர் (படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்) 2 நிமிடம், பிறகு ஓடும் நீரில் 5 நிமிடம். வெறும் வெள்ளைத் தாளில் முதலில் வானம் கறுத்துத் திரளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தக் கணத்தில் மூச்சு நிற்கும்.

இது நெகட்டிவ், அதாவது வெளிச்சமும் இருளும் இடம் மாறிய படம். புகைப்படக் கலையின் முன்னோடியான ஆங்கிலேயர் டால்பாட் 1841இல் காப்புரிமை பெற்ற கலோடைப் என்ற புகைப்பட முறையிலும் நெகட்டிவ் காகிதம்தான். காய்ந்தபின் புதிய தாளின் மேல் முகத்தோடு முகம் சேர்த்துக் கவிழ்த்து, கண்ணாடியால் அழுத்தி, வெள்ளை விளக்கைச் சில விநாடி போடுங்கள். சரியான நேரத்தை அறிய, தாள் துண்டு ஒன்றை அட்டையால் மூடி, 2 விநாடிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விலக்கிப் பாருங்கள். பிறகு அதே கழுவல்தான்.

நெகட்டிவின் பின்புறத்தில் நேரத்தைக் குறிப்பதானால் ஓரத்தில் எழுதுங்கள். நடுவில் எழுதினால் எழுத்தும் பிரதியில் பதிந்துவிடும்.