காசல்ரீ, மவுஸ்ஸாகலையில் படகு நிறுத்தும்போது

கடலில் வற்றுப்பெருக்குக்கு ஒரு நேரம் உண்டு. காசல்ரீ, மவுஸ்ஸாகலை போன்ற இலங்கை மலையக நீர்த்தேக்கங்களில் அது கிடையாது: மின்சாரத்துக்குத் தண்ணீர் விட்டால் மட்டம் இறங்கும், மேலே மழை பெய்தால் ஏறும். ஆகவே கரை மரத்தில் படகை இறுக்கிக் கட்டாதீர்கள். மட்டம் இறங்கினால் படகு சரிவில் சாய்ந்து தொங்கும். ஏறினால் முன்பக்கம் இழுபட்டுத் தண்ணீர் புகும்.

நங்கூரமே நல்லது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பாருங்கள். 4 மீற்றர் என்றால் குறைந்தது 20 மீற்றர் நைலோன் கயிறு, நங்கூரத்தை ஒட்டி 2 மீற்றர் சங்கிலி. கயிறு செங்குத்தாக இழுபட்டால் எந்த நங்கூரமும் பெயரும். காற்று திரும்பினால் படகு அத்தனை தூரமும் சுற்றும், கரை அதற்குள் வரக்கூடாது.

மவுஸ்ஸாகலையில் தொல்லை அடியில்தான். பழைய மஸ்கெலியா நகரமே அங்கே மூழ்கிக் கிடக்கிறது. கடும் வறட்சியில் கோயில்கூட வெளியே தெரியும். இடிபாட்டில் மாட்டிய நங்கூரத்தை நேரே இழுத்துப் பயனில்லை. கொழுக்கிகள் சேரும் அடிப்பக்கத்தில் முன்கூட்டியே இன்னொரு கயிறு கட்டி, ஆழத்தைவிட 2 மீற்றர் கூடுதலாக விட்டு, நுனியில் மூடிய வெற்றுக் கேனை மிதக்கவிடுங்கள். சிக்கினால் அதைப் பிடித்துத் தூக்க, பின்பக்கமாகக் கழன்று வரும்.

மழைக்காலத்தில் அணைக்கட்டுப் பக்கம் நிறுத்தவே வேண்டாம்.